தமிழ் ஐயா கேட்ட கேள்வியும் விபுலாநந்த அடிகளின் பதிலும்

இயற்பியல் ஆசிரியனாக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி தர்மபுரி மாவட்டத்துப் பள்ளிகளிலேயே கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு திரும்பிப் பார்த்தால், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவில் இருப்பதைவிட, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. அப்படி விட்டுப்போன ஒன்றைப் பற்றியும், அதன் வழியாக எனக்குக் காலம் கடந்து அறிமுகமான ஒரு பெரியவரைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

1980-களின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஆய்வகத்தில் பையன்கள் சுரமானியை வைத்துக்கொண்டு நின்றார்கள். படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நீளமான மரப்பெட்டி, மேலே இழுத்துக் கட்டிய ஒரே கம்பி, நுனியில் தொங்கும் எடைக்கற்கள், கம்பிக்கு அடியில் நகர்த்தி வைக்க இரண்டு மரக்கட்டைகள். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றினால், சரியான நீளம் அமைந்த கம்பி தானாக அதிரும். அதன்மேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளிக் கீழே விழும். அந்தக் காகிதம் விழும்போது பையன்கள் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே அந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா புறநானூறு நடத்திக்கொண்டிருந்தார். நம் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டு. குழந்தையின் மழலை யாழிசையோடு பொருந்தாது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது; ஆனாலும் தந்தைக்கு அது இனிக்கும்; என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்று ஔவை அதியமானிடம் சொல்கிறார். 'ஐயா, யாழ்னா எப்படி இருக்கும்? எப்படிச் சத்தம் வரும்?' என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். பாடம் முடிந்ததும் ஐயா நேராக என் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். சிறிது நேரம் சுரமானியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு நரம்பு சொல்றாங்க இல்லையா? இந்தக் கம்பியில எங்கெங்க கட்டையை வெச்சா அந்த ஏழும் வரும்?"

"ஐயா, செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இதெல்லாம் சிலபஸ்ல இல்லைங்களே" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் பிரவுன் தாள் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "விபுலாநந்த அடிகள் எழுதின யாழ் நூல். தமிழ் எனக்குப் புரியுது, கணக்குதான் புரியல. நீங்க படிச்சு எனக்குச் சொல்லணும்" என்றார். அந்தப் புத்தகம் ஒரு வருடம் என் பீரோவில் இருந்தது. பிறகு நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் அவர் சிரித்தார்.

அதே நூலை அறுபத்தைந்து வயதில், மகள் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிரதியில் படித்தேன். படித்த பிறகுதான் வெட்கம் வந்தது. நான் தமிழ் ஐயாவின் துறை என்று ஒதுக்கியது என் துறையாகவே இருந்தது. எழுதியவரும் என்னைப் போல் ஒரு சயன்ஸ் வாத்தியார்தான்.

விபுலாநந்தர் 1892 மார்ச்சில் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவில் பிறந்தார். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பெற்றோர் வைத்த பெயர் மயில்வாகனம். அதே 1892-இல்தான் இங்கே உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். இவர் பிறந்த ஆண்டில் அச்சேறிய அந்தப் புத்தகம்தான் பிற்பாடு இவருடைய ஆயுளில் பல வருடங்களை எடுத்துக்கொண்டது.

பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பிறகு அங்கேயே அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் படித்து 1916-இல் டிப்ளோமா வாங்கினார். அதே வருடம் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஒரு கையில் அறிவியல், மறு கையில் தொல்காப்பியமும் சங்க நூல்களும். இன்று பத்தாவது முடித்ததும் 'சயன்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா' என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறோமே, அந்தக் கோடு இந்த மனிதருக்கு இருந்ததே இல்லை.

1917-இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். வேலை பார்த்துக்கொண்டே படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியர். அந்தக் காலத்தில் லண்டன் பி.எஸ்ஸி. வாங்கிய முப்பது வயதுகூட ஆகாத தலைமை ஆசிரியர் என்றால், வெள்ளைக்காரர் ஆட்சியில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவர் 1922-இல் அதையெல்லாம் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

துறவி ஆனதும் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்றால் இல்லை. இலங்கைக்குத் திரும்பி மிஷன் பள்ளிகளை நடத்தினார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் உள்ள சிவானந்த வித்தியாலயம் அவர் கட்டி எழுப்பியது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். பண்டிதர்கள் பலர் பாரதியாரைப் புலவராகவே ஏற்காத அந்த நாளில், அவர் சிதம்பரத்தில் மாணவர்களைச் சேர்த்துப் பாரதி பாடல்களைப் பரப்பினார். 1933-இல் அந்தப் பதவியையும் விட்டு இலங்கைக்குப் போய்விட்டார். யாழ் பற்றிய ஆராய்ச்சி ஏறக்குறைய அப்போது தொடங்கி, பதினான்கு ஆண்டு நடந்தது.

இந்தப் பதினான்கு ஆண்டை அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கழிக்கவில்லை. 1936-இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பள்ளிப் பாடங்களைத் தமிழில் நடத்துவதற்கான அறிவியல் சொற்களைத் தொகுத்த முயற்சி அது. அந்தச் சொற்கள் 1938-இல் புத்தகமாக வந்தன. நானும் என் மாணவர்களும் தமிழ் வழியில் இயற்பியல் படிக்க முடிந்ததற்கு அவரைப் போன்றவர்கள் போட்ட பாதையும் ஒரு காரணம். 1939 முதல் 1941 வரை இமயமலையில், மாயாவதி ஆசிரமத்தில் தங்கி 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அமர்த்தியது. இத்தனைக்கும் நடுவில் யாழும் கூடவே போனது.

சரி, யாழில் ஆராய என்ன இருக்கிறது?

யாழ் என்ற கருவியே நம்மிடம் இல்லை, அதுதான் சிக்கல். சங்கப் பாட்டில் பாணன் தோளில் யாழ் தொங்குகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவியும் கோவலனும் கானல்வரியை யாழோடு பாடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்தார். அதற்குப் பிறகு யாழ் மெல்ல மறைந்து, அந்த இடத்தை வீணை பிடித்துக்கொண்டது. பழைய யாழ் ஒன்றுகூட நம் கைக்குக் கிடைக்கவில்லை. சமுத்திரகுப்தர் மடியில் வைத்து வாசிப்பதாக அவருடைய பொற்காசில் இருக்கும் உருவமும், அமராவதிச் சிற்பங்களில் காணும் வில் போன்ற நரம்புக் கருவியும் யாழுக்கு உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். பர்மாவில் சவுங் என்ற வளைந்த கருவியை இன்றைக்கும் வாசிக்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

யாழுக்கும் வீணைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வீணையில் ஒரே தந்தியை வேறு வேறு மெட்டில் அழுத்தினால் பல சுரம் வரும். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அழுத்துவது கிடையாது. சுரம் எத்தனை வேண்டுமோ அத்தனை நரம்பு. பேரியாழுக்கு இருபத்தொன்று, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று உரைகள் சொல்கின்றன. அதனால் வாசிக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு நரம்பையும் மிகச் சரியாகச் சுருதி கூட்டியாக வேண்டும். எந்த நரம்பை எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு கூட்ட வேண்டும்? இதற்கான முறை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலும் இருக்கிறது. ஆனால் கருவியைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு விளங்கும் சுருக்க மொழியில் இருக்கிறது. கருவி போன பிறகு அந்த மொழி பூட்டிய பெட்டியாகிவிட்டது.

விபுலாநந்தருக்கு முன்பும் பெட்டியைத் திறக்க முயன்றவர்கள் உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரும் நூலை வெளியிட்டவர். அவரும் இப்படித் தனி மனிதராக உழைத்தவர்தான். ஒரு தாயியில் சுருதி இருபத்திரண்டு அல்ல, சமமான இருபத்து நான்கு என்பது அவர் வாதம். விபுலாநந்தரோ உரைகளில் உள்ள இருபத்திரண்டு அலகையே ஏற்றுக்கொண்டு கணக்கை நடத்தினார். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22.

இங்கேதான் சுரமானிக்கு வருகிறோம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பின்னம் தெரிந்தால் போதும்.

கம்பியின் இழுவிசையை மாற்றாமல் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். அதே சுரம் மேல் தாயியில் கேட்கும். கீழ் ச, மேல் ச. நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் ப கேட்கும். பழைய தமிழில் அது இளி. காதுக்கு ச-வோடு மிகவும் ஒட்டி வருவது ப. சங்கீதம் தெரியாதவர்கூட இதைச் சரியாகப் பிடித்துவிடுவார்.

தொண்ணூறு சென்டிமீட்டர் கம்பியைக் குரலாக, அதாவது ச-வாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 60. அது இளி. அறுபதில் மூன்றில் இரண்டு 40. இது மேல் தாயிக்குப் போய்விட்டது, இரட்டித்தால் 80. அது துத்தம், நம் ரி. எண்பதில் மூன்றில் இரண்டு 53.3. அது விளரி, நம் த. அதிலிருந்து இன்னொரு முறை போய், இரட்டித்தால் 71.1. அது கைக்கிளை, நம் க. குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. ஐந்து வந்துவிட்டது.

பழைய இலக்கணத்தில் 'கிளை' நரம்புகள் என்று ஐந்தை ஒரு குடும்பமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலும் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்றுதான் இருக்கிறது. வரிசையும் இதே வரிசை! மனப்பாடம் செய்யும் பண்டிதருக்கு இது வெறும் பெயர்ப்பட்டியல். சுரமானி வைத்துப் பழகியவருக்கு இது சுருதி கூட்டும் செய்முறைக் குறிப்பு. ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று கைபிடித்துக்கொண்டு போகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஐந்தையும் ஏறுவரிசையில் வைத்துப் பாருங்கள். ச ரி க ப த. நம் எல்லோருக்கும் தெரிந்த மோகன ராகம். ஆய்ச்சியர் பாடிய முல்லைப்பண் இதுதான் என்று இசை ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். ஆடு மாடு மேய்த்தவர்கள் குழலில் ஊதிய பண், அளந்து பார்த்தால் இத்தனை ஒழுங்கான பின்னங்களாக வந்து நிற்கிறது.

கிரேக்கத்தில் பிதாகரஸ் பெயரால் வழங்குவதும் இதே மூன்றில் இரண்டு கணக்குதான். சீனரும் இதைத் தனியாகக் கண்டிருந்தார்கள். காதும் கம்பியும் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்படியே பன்னிரண்டு முறை போனால் புறப்பட்ட இடத்துக்கே, அதாவது 90-க்கே வந்து சேர வேண்டும். வராது. 88.8-இல் வந்து நிற்கும். சுமார் 1.2 சென்டிமீட்டர் உதைக்கும். அந்தச் சிறு இடைவெளியை என்ன செய்வது, எந்தச் சுரத்தின் தலையில் கட்டுவது என்பதுதான் உலகம் முழுக்க இசைக் கணக்கில் நடந்த பெரிய வழக்கு. சுருதி இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்ற நம் ஊர்ச் சண்டையும் அந்த வழக்கின் ஒரு கிளைதான்.

யாழ் நூல் ஏழு இயல்கள் கொண்டது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். கருவியின் உறுப்பில் தொடங்கி, நரம்பின் கணக்கு, ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலை பிறக்கும் விதம், பண்கள் என்று போய்த் தேவாரத்தில் வந்து சேர்கிறது. எனக்குப் பிடித்தது அவர் எழுதும் முறை. ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்கிறார். அந்தப் பொருளை எண்ணாக மாற்றுகிறார். எண் காதுக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்கிறார். 'நம் முன்னோருக்குத் தெரியாதது இல்லை' என்று மேசையைத் தட்டும் பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை. கணக்கு போட்டுக் காட்டுபவருக்கு அது எதற்கு?

அவர் சொன்னதெல்லாம் முடிந்த முடிவு என்று நான் சொல்லவில்லை. எந்தப் பண் எந்த ராகம் என்பதிலும், பாலைகளின் வரிசையிலும் அவருக்குப் பின் வந்தவர்கள் மாறுபட்டிருக்கிறார்கள். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். இராமநாதன், வீ. ப. கா. சுந்தரம் போன்றவர்கள் தங்கள் வழியில் மேலும் நடந்திருக்கிறார்கள். அறிவியலில் இது இயல்பு. ஒருவர் அளவுகளை வெளிப்படையாக எழுதி வைத்தால்தான் அடுத்தவர் 'இந்த இடத்தில் தவறு' என்று விரல் வைத்துச் சொல்ல முடியும். அப்படி விரல் வைக்க இடம் கொடுத்து எழுதியதே அவருடைய பெருமை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். இத்தனை அருமையான யாழ் ஏன் மறைந்தது? பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நடந்த ஊர் தருமபுரம். நம் தர்மபுரி அல்ல, காரைக்கால் பக்கத்துத் திருத்தருமபுரம். சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தை யாழ்ப்பாணரால் யாழில் கொண்டுவர முடியவில்லை. மனம் நொந்து யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். பக்தர்கள் இதை அருளாகப் பார்ப்பார்கள். ஓர் இயற்பியல் ஆசிரியன் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. குரல் சுரத்துக்குச் சுரம் வழுக்கும், வளையும், அசையும். அழுத்தாத நரம்பு அப்படி வளையாது. கமகம் வளர வளர, தந்தியை அழுத்தி இழுக்க இடம் கொடுக்கும் வீணை முன்னால் வந்திருக்கும். யாழ் தோற்றதற்கு அதன் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நூல் முடிந்தபோது அடிகளின் உடல்நிலை நன்றாக இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கோனூர் சிதம்பரம் செட்டியார் ஆதரவில், கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அடிகளின் கணக்குப்படி செய்த கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். பல நூற்றாண்டுகளாகப் பாட்டில் மட்டும் இருந்த யாழ், அன்றைக்குக் கையில் இருந்தது. அதன் ஒலியைச் சபை கேட்டது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, 1947 ஜூலை 19 அன்று, கொழும்பில் அடிகள் காலமானார். ஐம்பத்தைந்து வயது. உடலைக் கல்லடி உப்போடைக்குக் கொண்டுபோய், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் ஒரு மரநிழலில் அடக்கம் செய்தார்கள். மலர்களைப் பற்றி அவரே எழுதிய பாட்டை அந்த இடத்தில் பொறித்திருக்கிறார்கள். பதவிகள் அவரைத் தேடி வந்தன, அவர் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனார். அவர் கடைசி வரை விடாமல் வைத்திருந்தது பள்ளிக்கூடத்தையும் அந்த ஆராய்ச்சியையும்தான்.

'விஞ்ஞானத்தை விட்டுத் தமிழுக்கு வந்தவர்' என்று அவரைப் பற்றிச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் விஞ்ஞானத்தை எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை. அதைக் கூடவே எடுத்து வந்தார். அது இல்லாமல் யாழ் நூல் எழுதியிருக்க முடியாது. தமிழ் மட்டும் தெரிந்த ஐயாவுக்குக் கணக்கு புரியவில்லை. கணக்கு மட்டும் தெரிந்த எனக்குத் தமிழைப் பார்க்க நேரமில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் பெட்டி திறந்தது. எங்கள் இரண்டு பேரின் வகுப்பறைகளுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர்தான் இருந்தது. பத்து நிமிடம் நான் எழுந்து போயிருந்தால் போதும்.

போன வருடம் தச்சரிடம் சொல்லி ஒரு பலகை செய்யச் சொன்னேன். சேலத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் வீணைத் தந்தி வாங்கி வந்தேன். ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் முறுக்கும் திருகு, நடுவில் நகர்த்த ஒரு கட்டை. 90, 80, 71.1, 60, 53.3 என்று பென்சிலால் கோடு போட்டேன். கட்டையை நகர்த்தி நகர்த்தித் தட்டினேன். மோகனம் வந்தது. சங்கீதம் படிக்காத என் மனைவியே அடுக்களையிலிருந்து, "என்னங்க, பாட்டு மாதிரி கேக்குது?" என்றாள்.

இதைக் காட்ட வேண்டியவர் உயிரோடு இல்லை. ஆனாலும் பலகையை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் வரவேற்று உட்கார வைத்து, அப்பாவின் புத்தக அலமாரியைத் திறந்து காட்டினார். பிரவுன் அட்டை நிறம் மங்கி, அதே புத்தகம் இருந்தது. இசைநரம்பியல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. ஐயாவின் அழகான கையெழுத்தில், 'பிசிக்ஸ் சாரிடம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. நான் திருப்பிக் கொடுத்த பிறகு எழுதினாரா, அதற்கு முன்பே எழுதியதா என்று யாரிடம் கேட்பது?

அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலகையைத் தட்டிக் காட்டினேன். ஐயாவின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, மீதி ரெண்டு நரம்பு எங்க?" என்றாள். தாரம் 47.4-இல் வரும், உழைக்கு 90-இல் நான்கில் மூன்று பங்கு, 67.5 என்று சொன்னேன். பென்சிலை வாங்கி அவளே கோடு போட்டாள். பலகையை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஔவை தன் சொல்லை மழலை என்று சொல்லிக்கொண்டார். நாற்பது வருடம் தாமதமாக நான் சொன்ன பதிலும் அப்படித்தான். ஐயா இருந்திருந்தால் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் யாரேனும் இன்னும் பணியில் இருந்தால் ஒரு வேண்டுகோள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஏதாவது கேட்டு வந்தால், சிலபஸில் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.